கராச்சி பிரியாணியும் நாட்டு மருந்துக் கடையும்

பிரியாணியைப் பற்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் குக்கர் விசிலும் பட்டை கிராம்பு வாசனையும் வரும். ஒரு டம்ளர் பாசுமதிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர், ரெண்டு விசில்... முடிஞ்சது கதை.

அப்படிப்பட்ட ஒரு அம்பத்தூர் வீட்டில், காலேஜ் படிக்கும் பையன் யூடியூபில் கராச்சி சிக்கன் பிரியாணியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வாரம் நான்தான் சமையல்" என்று கிளம்பினான். அம்மா வீடியோவைப் பாதி வரைக்கும் பார்த்தார்.

"உருளைக்கிழங்கா? பிரியாணியிலயா? டேய், இது குருமா சாதம்டா."

அப்பாவுக்குக் கவலை வேறு. "செய்யி, சாப்பிடலாம். ஆனா பாகிஸ்தான் பிரியாணின்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே." பாதி விளையாட்டு, பாதி நிஜம். இந்தக் காலத்தில் சோற்றுக்குப் பெயர் வைப்பதற்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!

பெயரை விட்டுவிட்டுப் பார்த்தால், கராச்சி பிரியாணி எங்கிருந்தோ குதித்தது இல்லை. 1947 பிரிவினையில் டெல்லி, லக்னோ, ஹைதராபாத் என்று இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் அவரவர் கைப்பக்குவத்தையும் கூடவே கொண்டு போனார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த சிந்தி சமையலின் தயிர், பச்சை மிளகாய், புளிப்பு எல்லாம் அதோடு கலந்துகொண்டது. உருளைக்கிழங்கும் அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. கொல்கத்தா பிரியாணியில் அது இல்லாவிட்டால் சண்டையே வரும்.

பையனுக்கு முதல் சிக்கல் மசாலா பாக்கெட். வீடியோவில் அந்த அம்மா சர்வ சாதாரணமாக ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுகிறார். இங்கே அதற்கு எங்கே போவது? 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சரக்குக்கு இறக்குமதி வரி 200 சதவீதமானது. 2025 மே 2-ஆம் தேதி இறக்குமதிக்கே தடை வந்தது. சரி, பாக்கெட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், பெரிய ஏலக்காய், ஜாதிபத்திரி, பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை. எல்லாம் தெருமுனை மளிகைக் கடைச் சாமான். லேசாக வறுத்து மிக்சியில் ஒரு சுற்று விட்டால் ஆச்சு.

ஒன்றே ஒன்று மட்டும் மாட்டவில்லை. ஆலு புகாரா. உலர்ந்த ஒரு பழம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அதுதான் இந்தப் பிரியாணியின் உயிரே. மளிகைக் கடையில் கேட்டால் உருளைக்கிழங்கை எடுத்துக் காட்டினார்கள். (இந்தியில் ஆலு என்றால் உருளை, பாரசீகத்தில் ஆலு என்றால் பிளம். உஸ்பெகிஸ்தானில் இருக்கும் புகாரா ஊர்ப் பிளம் என்று பொருள். இந்தப் பிரியாணியில் ரெண்டு ஆலுவும் உண்டு!) கடைசியில் மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போனில் படத்தைக் காட்டினான்.

"அட, ஆல்பகோடா! வீட்டுல யாருக்குத் தம்பி மசக்கை?" என்றார் கடைக்காரர் அண்ணாச்சி.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே :-) கர்ப்பிணிகளின் வாந்திக்கும் பித்தத்துக்கும் நம்மூரில் காலங்காலமாக வாங்கிப்போகும் அதே பழம்தான். கராச்சிக்காரர்கள் சோற்றில் போடுகிறார்கள், நாம் மருந்தாகச் சப்புகிறோம்.

இனி அடுப்பு. ஒரு கிலோ கோழி, முக்கால் கிலோ பாசுமதி. நாலு பெரிய வெங்காயம் பொன்னிறமாக வறுத்துப் பாதியைத் தனியே எடுத்து வைக்கணும். மீதியில் இஞ்சி பூண்டு, கோழி, தக்காளி, கால் கிலோ தயிர், அரைத்த மசாலா, எட்டுப் பத்து ஆல்பகோடா. பாதி வெந்த உருளையைக் கடைசியில் சேர்த்தால் போதும். கிரேவி கெட்டியாக இருக்கணும், தண்ணியாக இருந்தால் அரிசி களியாகிவிடும்.

அரிசிதான் நிஜமான பரீட்சை. அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, உப்பு தூக்கலாகப் போட்டு, முக்கால் பதம் வந்ததும் வடித்துவிட வேண்டும். ஒரு பருக்கையை நசுக்கினால் உடையணும், மசியக்கூடாது. அஞ்சு நிமிஷத்தில் வரும், ஏழு நிமிஷம் விட்டால் போச்சு. அவ்வளவு தண்ணீரையும் சிங்க்கில் கொட்டும்போது அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. 2019-ல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர் அவர். ஆனால் இதுவும் அயலூர் வழக்கமில்லை. ஆம்பூர் பிரியாணிக்கும் அரிசியை முக்கால் பதத்தில் வடித்துத்தான் சேர்ப்பார்கள். குக்கர் வந்த பிறகு வீடுகளில் மறந்துபோனது, அவ்வளவுதான்.

வித்தியாசம் அதற்கப்புறம்தான். ஆம்பூரில் அரிசியைக் கறியோடு கலந்துவிட்டுத் தம் போடுவார்கள். கராச்சியில் கலப்பதே கிடையாது. அடியில் கிரேவி, மேலே சோறு, அதன்மேல் வறுத்த வெங்காயம், புதினா, எலுமிச்சைத் துண்டு, பாலில் கரைத்த மஞ்சள் கலர். மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டி, தோசைக்கல்லுக்கு மேல் பாத்திரத்தை வைத்து, சிம்மில் 20 நிமிஷம். அடுப்பை அணைத்துவிட்டு இன்னும் 10 நிமிஷம் தொடக்கூடாது. பொறுமை இல்லாதவர்கள் இதற்கு முன்னாடியே குக்கருக்குத் திரும்பிவிடுவது உத்தமம்.

திறந்ததும் பையன் பழக்க தோஷத்தில் கரண்டியை விட்டுக் கிளறப் போனான். கூடாது! ஓரத்தில் தட்டைச் செருகி அடிவரைக்கும் போய் அப்படியே அள்ளணும். ஒரு வாய் வெள்ளைச் சோறு, அடுத்த வாய் காரம், திடீரென்று பல்லில் ஒரு ஆல்பகோடா. நம் பிரியாணியில் எல்லாப் பருக்கையும் ஒரே ருசி. இதில் எந்த வாயும் ஒன்றுபோல இருக்காது.

"பாதி வெள்ளையாவே கிடக்கே... மசாலா தனியா நிக்குது," என்றார் அம்மா. தொட்டுக்கொள்ள அவர் யாரையும் கேட்காமல் கத்திரிக்காய்த் தொக்கு வேறு செய்து வைத்திருந்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ரெண்டாவது தடவை தட்டை நீட்டினார். உருளைக்கிழங்கைத் தேடித் தேடி எடுத்தவர் அம்மாதான்.

மீதி ஆல்பகோடா அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு சீரகச் சம்பாவில் போட்டுப் பார்க்கலாம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.