தனி டம்ளர்

2018 நவம்பரில் ஒருநாள் காலை, துப்பிய பேஸ்ட் நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது. நயினார்கோவிலில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல் பக்கத்தில் நின்றுதான் பல் விளக்குவேன். காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள். "சூடுடா அது. உப்புத் தண்ணி வச்சுக் கொப்பளி" என்றாள். அவளுக்கு எல்லாமே சூடுதான்.

எனக்குள் வேறு கணக்கு ஓடியது. ஜூலையில், திருப்பூரில் வேலை பார்த்தபோது, ஒரே ஒரு இரவு. ஆணுறை இல்லை. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போனில் தேடினால் பத்தாவது காரணமாக எச்.ஐ.வி. வந்து நிற்கும். முதல் ஒன்பதை நான் படிக்கவே இல்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவியே கழுத்து வலித்தது. எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். எச்சிலால் பரவாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவன்தான். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்து வளர்ந்த கூட்டம் நாங்கள். படித்தது எதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு உதவவில்லை.

அம்மா நாகநாதருக்கு வேண்டிக்கொண்டாள். விஷக்கடிக்கும் தோல் நோய்க்கும் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து கும்பிடுகிற கோயில். ஈறுக்கும் சேர்த்துப் பார்ப்பார் என்று நினைத்திருப்பாள்.

டிசம்பர் கடைசியில் சாத்தூர் செய்தி வந்தது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ரத்தம் கொடுத்தது எங்கள் மாவட்டத்துப் பையன். டீக்கடையில் எல்லாரும் அவனைத்தான் திட்டினார்கள். ஆனால் அவனுக்கே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தெரிந்ததும், தானாகவே போய், 'என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்' என்று சொன்னவன் அவன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சில நாளில் தற்கொலைக்கு முயன்று, மதுரை அரசு மருத்துவமனையில் செத்துப்போனான். அந்தப் பெண்ணுக்கு ஜனவரியில் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை.

அந்த டீயை நான் குடிக்கவில்லை. பயத்தை விட வெட்கம்தான் அதிகம் இருந்தது. அவன் செய்ததில் பாதியைக்கூட நான் செய்யவில்லையே.

பொங்கல் கழித்து பஸ் ஏறினேன். பரமக்குடியில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று மதுரைக்கே போனேன். 'நம்பிக்கை மையம்' என்ற போர்டுக்கு முன்னால் இரண்டு தரம் நடந்து கடந்தேன். உள்ளே இருந்த ஆலோசகர் அக்கா, "உக்காருங்க தம்பி, எத்தன மாசமாச்சு?" என்றார். ஆறு மாதம் என்றேன். "அப்ப இன்னைக்கு வர்ற ரிசல்ட்ட நம்பலாம். மூணு மாசம் தாண்டியாச்சுல்ல." என் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, சட்டமே இருக்கிறது என்றார். இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, இலவசம், வேலைக்குப் போகலாம், கல்யாணம்கூடச் செய்யலாம் என்று முடிவு வருவதற்கு முன்பே சொன்னார். ஏன் முன்பே சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது.

இல்லை என்று வந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அந்தப் பையனும் இப்படி ஒரு பெஞ்சில் காத்திருந்திருப்பான்.

ஈறு மட்டும் நிற்கவில்லை. பல் டாக்டர் ஒருவர் காரையைச் சுரண்டிக்கொண்டே, "ரத்தம் வருதேன்னு அந்தப் பக்கம் பிரஷ் போடாம விட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். "விட விட அழுக்கு சேரும், சேரச் சேர இன்னும் ரத்தம் வரும்." இரண்டு வாரத்தில் நுரை வெள்ளையானது.

அன்று சாயந்திரம் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இத இனி எல்லாத்தோடயும் வைக்கலாமாடா?"

"வைம்மா."