நகக்கண்ணில் மரு: நடவுக் கைகளுக்காக ஒரு இழை

1. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணி கல்லணையைத் தாண்டிட்டா டெல்டாவில் குறுவை நடவு சூடுபிடிச்சிடும். கொஞ்ச நாள்லயே சேத்துப்புண்ணும் நகச்சுத்துமா என்கிட்ட ஆட்கள் வர ஆரம்பிப்பாங்க. கூடவே, யாரும் பெருசா எடுத்துக்காத இன்னொண்ணு: நகத்தைச் சுத்தி சொரசொரன்னு முளைக்கிற மரு.

2. காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். நாளெல்லாம் சேத்துல ஊறின தோல் வெளுத்து வெடிக்கும். அந்த வெடிப்புதான் வைரஸுக்கு வாசல். நகம் கடிக்கிற பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் வருது.

3. நடவுக்குப் போற ஒரு அம்மா பிளேடால சீவிச் சீவி, ஒரு விரல்ல இருந்த மரு நாலு விரலுக்குப் பரவின பிறகு வந்தாங்க. உட்கார்ந்ததுமே சொன்னாங்க: "கைய நனைக்காதன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், கூலி போயிடும்."

4. நியாயம்தானே? அதனால அவங்களால முடியறதை மட்டும் சொன்னேன். கரையேறினதும் சோப்பு போட்டுக் கழுவி, நகக்கண் வரைக்கும் துடைச்சுக் காய விடுங்க. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க, வெடிப்பு குறையும். நகவெட்டியைத் தனியா வச்சுக்கங்க. சீவாதீங்க.

5. சுண்ணாம்பு வச்சுச் சுடவும் வேண்டாம். நகம் உருவாகிற வேர் அந்தத் தோலுக்கு அடியிலதான் இருக்கு. அது வெந்துபோனா நகம் காலத்துக்கும் கோணலா முளைக்கலாம்.

6. சிகிச்சை இருக்கு. சாலிசிலிக் அமில மருந்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. நகத்தோரத்து மரு பிடிவாதக்காரன், மாசக்கணக்கில் பொறுமை வேணும். சர்க்கரை நோய் இருக்கிறவங்க தாங்களா அமிலம் வைக்கக் கூடாது.

7. "வைத்தீஸ்வரன் கோயில்ல உப்பு மிளகு போட்டேன், உதிர்ந்துடுச்சு"ன்னு சொல்வாங்க. பிள்ளைங்களுக்கு வர்ற மரு பெரும்பாலும் ஓரிரு வருஷத்துல தானாவே உதிரும். வேண்டுதலால கெடுதல் இல்லை. பிளேடாலதான் கெடுதல்.

8. இதை மட்டும் மறக்காதீங்க. வயசானவங்களுக்கு ஒரே விரல்ல, மாசக்கணக்கா ஆறாம, வலிச்சு, கசிஞ்சு, நகத்தைத் தூக்குதா? சுடறதுக்கு முன்னாடி சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கணும். மரு வேஷத்துல தோல் புற்றுநோய் வரலாம். அரிதுதான். ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் விரலைக் காப்பாத்திடலாம்.

9. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கு. நம்ம சோத்துக்கு நாத்து நட்ட கை அது. உங்க வீட்டு அம்மா, அத்தை கையை இன்னைக்கு ஒரு தடவை வெளிச்சத்துல பாருங்க.