பரிவுக் கலம்

ஒரு திங்கட்கிழமைக் காலை. பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் எமது பழைய யப்பானியக் காரின் சாவியைத் திருகினோம். வழக்கமாக இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கும் இயந்திரம், அன்று வெடியோசை போன்றதொரு பேரொலியை எழுப்பி, அதன்பின் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. அடுத்த வளவின் திண்ணையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி, மடியிலிருந்த சுளகு உருள எழுந்து, முற்றத்தில் நின்ற பேரக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வீட்டினுள் ஓடினார்.

அது காரின் ஒலி என்பது ஓடி முடிந்த பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது. வேலியோரம் வந்து, மூச்சு வாங்க, "தம்பி, நான் வேற என்னவோ எண்டு நினைச்சிட்டன்" என்றார். வேறு என்ன என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. திரியாயில் அந்தக் கேள்விக்குத் தேவையில்லை. 1985இல் இவ்வூரின் வீடுகள் எரிக்கப்பட்டன. மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. அந்த ஆண்டுக் கணக்கெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய கால்களுக்குத் தெரிவதில்லை.

எமக்கு நாணம் உண்டாயிற்று. ஏனெனில், அந்த ஒலி அன்று திடீரெனப் பிறந்ததன்று. இரண்டு மாதங்களாகவே காரின் அடியில் ஓர் உறுமல் இருந்து வந்தது. சம்பளம் வந்தபின் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டோம். படித்தவர் என்று பெயர் எடுத்தவர்களிடம் ஒரு குணம் உண்டு: காரணம் தெரியாத ஒலியொன்று கேட்டால், வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவிடுவார்கள். நாமும் அதைத்தான் செய்தோம்.

அதனினும் பெரிய பிழை ஒன்றும் உண்டு. மழைக் காலத்தில், வீதியில் நனைந்தபடி நடந்துவரும் பிள்ளைகள் சிலரைக் காரில் ஏற்றிச் செல்வது எமது வழக்கம். கண்ணாடிகளையெல்லாம் ஏற்றியிருந்த ஒரு நாளில், பின்னாசனத்திலிருந்த சிறுமி ஒருத்தி, "தலை இடிக்குது சேர்" என்றாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று எண்ணி, பணிஸ் வாங்கிக் கொடுத்தோம். ஏழைப் பிள்ளையின் தலைவலிக்குப் பசியன்றி வேறு காரணம் இராது என்று முடிவு கட்டியது எமது சமூக அறிவு! உண்மையில், இருக்கைக்குக் கீழே குழாய் அரித்துப்போயிருந்தது. நிறமோ மணமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயு உள்ளே கசிந்திருந்தது. குருதியில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நஞ்சு அது. கண்ணாடி மூடிய காரில், இரக்கத்தின் பெயரால், அந்தப் பிள்ளைக்கு நாம் அந்த நஞ்சை ஊட்டியிருக்கிறோம்.

அன்று மாலை, மோட்டார் வேலை கற்றுத் தொழில் செய்யும் எமது பழைய மாணவர் ஒருவரிடம் சென்றோம். பாடசாலை நாட்களில் அவருடைய தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதிய கை எம்முடைய கைதான். அவரோ காரை முற்றத்தில் நிறுத்து முன்பே, அது வரும் ஒலியைக் கேட்டு, "நடுவில இருக்கிற சைலன்சர் சேர், பின்னுக்கு இருக்கிறதில்லை" என்றார். பின்பு, "கூலி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுக்கு வாறன். நீங்களே செய்யுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார். மாணவர் ஆசிரியரானார், ஆசிரியர் பாயை விரித்துக் காரின் அடியில் படுத்தார்.

நடுவில் இருக்கும் அதற்கு ரெசனேற்றர் என்று பெயர். ஊரில் அதையும் பின்னாலுள்ளதையும் சைலன்சர் என்றே சொல்வர்; வேலை வேறு. பின்னாலுள்ள பெரிய கலம் எல்லா ஒலியையும் பொதுவாகத் தணிக்கிறது. நடுக்கலம், காதை வருத்தும் குறிப்பிட்ட சில ஒலிகளையே தேடிப் பிடித்து அடக்குகிறது.

பிழையைக் கண்டுபிடிக்கும் முறையில் முதலாவது கேட்டல். இரவு முழுதும் ஆறிக் கிடந்த இயந்திரத்தை அதிகாலையில் இயக்கி, ஒருவர் வேகமிதியை மெல்ல அழுத்த, மற்றவர் காரைச் சுற்றி வந்து கேட்கவேண்டும். இயந்திரத்தின் அருகே 'டிக் டிக்' என்று கேட்டால் பிழை குழாயின் தொடக்கத்தில். வால் பக்கம் இரைந்தால் பெரிய சைலன்சரில். காரின் நடுவே, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் உறுமல் திரண்டு, அவ்வேகம் கடந்ததும் தணிந்தால், பிழை ரெசனேற்றரில். எமது கார் நிமிடத்திற்கு 2,000 சுற்றுக்களைத் தாண்டியதும் உறுமி, 2,500ஐ நெருங்கியதும் ஓரளவு தணிந்தது.

இரண்டாவது தட்டுதல். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும். எம்முடையது 'பொத்' என்றது. உள்ளே துருச் செதில்கள் சலசலத்தன. மூன்றாவது சவர்க்கார நீர். இயந்திரம் சூடேறுமுன் பொருத்துகளிலும் விளிம்புகளிலும் அதைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். நாட்பட்ட கசிவாயின் கரிய புகைக்கறை தானே காட்டிக்கொடுக்கும். கலத்தின் கீழ்ப்புறத்தில் ஒரு சிறு துளையைக் கண்டு நாம் வெற்றியுடன் சுட்டிக்காட்டினோம். "அது ஓட்டையில்லை சேர். தண்ணி வடியிறதுக்கெண்டு தொழிற்சாலையிலேயே போட்டது" என்றார் அவர். உண்மையான ஓட்டை மேற்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால், ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடும் காரில் குழாய் நன்கு சூடேறி அந்த ஆவி வெளியேறிவிடும். சிறு தூரம் ஓடி நிற்கும் காரிலோ அது உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தோம். நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போய், காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடப்பட்ட ஆண்டு அது. கடைக்கும் பாடசாலைக்கும் மட்டும் ஓடிவிட்டுக் கார் கொட்டிலில் நின்றது. வெளியே கடற்காற்றின் உப்பு; உள்ளே தேங்கிய நீர். கொழும்பில் உண்டான நெருக்கடி, திரியாயில் ஒரு காரின் வயிற்றில் இருந்து அதை மெல்லத் தின்றுகொண்டிருந்தது.

நிற்க. இனி மாற்றும் வேலை. சமநிலத்தில் காரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜக்கினால் உயர்த்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் நுழையக்கூடாது. அவர் கொண்டுவந்த இரும்புத் தாங்கிகளின் மேல் காரை இருத்திய பின்பே நுழைந்தோம். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் இட்டிருந்தோம். கண்களுக்குக் கண்ணாடி அணிந்து, அரிபட்ட பகுதிக்கு இருபுறமும் நல்ல குழாய் தொடங்கும் இடத்தைத் தட்டிப் பார்த்துக் குறித்து, இரும்பு அரத்தால் அறுத்தோம். கரும்பலகைக்குப் பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் கொப்புளம் வந்தது.

மாற்றுக் கலத்தைத் திருகோணமலையில் பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றில் முந்திய நாள் வாங்கியிருந்தோம். நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். குழாயின் வெளிவிட்டமும் கலத்தின் நீளமும் பழையதற்கு ஒத்திருக்கவேண்டும். நீளமும் கொள்ளளவும் மாறினால், அடக்கவேண்டிய ஒலியை விட்டுவிட்டு வேறொன்றை அடக்கும். புதிய கலத்தைப் புகை செல்லும் திசை பார்த்து வைத்து, இணைப்புக் குழாய்களைச் செருகி, கவ்விகளை முதலில் தளர்வாகவே பூட்டினோம். றப்பர்த் தொங்கிகளில் மாட்டி, எங்கும் காரின் உடலில் முட்டாதபடி நேராக்கிய பின், முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக இறுக்கினோம். மறுபடியும் சவர்க்கார நீர். குமிழி எழவில்லை. "ஒரு கிழமை ஓடினாப் பிறகு திரும்பவும் இறுக்கவேணும் சேர். சூட்டில இளகும்" என்று எச்சரித்தார் அவர்.

அறுத்தெடுத்த பழைய கலத்தை எறிய மனம் வரவில்லை. அதை நெடுக்காகப் பிளந்து, பாடசாலைக்கு எடுத்துச் சென்றோம். நடுவே துளைகள் இட்ட குழாய். அதைச் சுற்றி வெற்று அறை. அறை நிறையத் துருச்சேறு. விஞ்ஞான ஆசிரியர் வெறும் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து, அதன் வாயின் குறுக்கே ஊதினார். 'ஊம்' என்றது. பாதி நீர் ஊற்றி ஊதினார், சுருதி உயர்ந்தது. ஒவ்வொரு வெற்றுக் கலத்துக்கும் தனக்கென ஒரு சுருதி உண்டு. செருமனிய அறிஞர் எல்ம்கோல்ற்சு 1863இல் வெளியிட்ட ஒலி நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அச்சுருதியோடு ஒத்த ஒலி வரும்போது கலத்தினுள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கிறது; அவ்வாறு அதிர்ந்து, வந்த அலைக்கு எதிரான அலையைக் குழாய்க்குத் திருப்புகிறது. மேடும் பள்ளமும் சந்திக்க, ஒலி அடங்குகிறது.

இவ்வாறு சேர்ந்து அதிர்வதற்கு எமது இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சொல் 'பரிவு'. அச்சொல்லைக் கேட்டதும், பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "தமிழில் பரிவென்றால் இரக்கமல்லவா சேர்?" என்றாள். ஆம், இரக்கந்தான். பிறர் நோவைக் கேட்டுத் தானும் அதிர்வது. யாழின் வயிற்றைப் 'பத்தர்' என்று பெயரிட்டு அறிந்த மொழியில், ஒத்ததிர்வுக்குப் பரிவென்று பெயர் வைத்தவர் எவராயினும் அவர் வாழ்க. திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய விபுலானந்த அடிகள், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1947இல் வெளிவந்த அவரது 'யாழ்நூல்' நரம்பின் ஒலியைக் கணிதத்தால் அளந்தது. தமிழாசிரியனுக்கு இயந்திரம் எதற்கு என்று நகைப்போருக்கு அவரே விடை.

ஒலியை அடக்கும் கலையின் வரலாற்றில் ஒரு தந்தையும் மகனும் வருகின்றனர். தந்தை ஐரம் மாக்சிம், 1884இல் தானே இயங்கும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். இன்றைய சிம்பாப்வேயில் 1893இல் மாத்தபேலே மக்களுக்கு எதிரான போரில் பிரித்தானியர் பயன்படுத்தியது அதனைத்தான். மகன் ஐரம் பேர்சி மாக்சிம், 1909இல் துப்பாக்கிக்கான ஒலியடக்கிக்கு உரிமம் பெற்றவர். இயந்திரப் புகைக்குழாய்களின் ஒலியை அடக்குவதிலும் அதே அறிவைப் பயன்படுத்தினார். ஒலியை அடக்குவதெல்லாம் பரிவாகிவிடாது. கொலையை மறைக்க அடக்குவதும், அயலவர் அஞ்சாதிருக்க அடக்குவதும் ஒன்றல்ல. கருவி ஒன்றாக இருக்கலாம்; அது யாருக்காக என்பதே வினா.

வகுப்பு முடியும் நேரத்தில் இன்னொரு மாணவன் கேட்டான்: "துருப்பிடிக்காத உலோகத்தில் செய்தால் என்ன?" செய்கிறார்கள். தைத்தேனியம் கடற்காற்றுக்கும் அமிலத்துக்கும் எளிதில் அசையாத உலோகம். 2001இல் அமெரிக்காவின் கோர்வெற் கார்களில் ஒரு வகைக்கு அதனாலேயே புகைக்குழாய் செய்து பூட்டினார்கள். அந்த உலோகத்தின் தாதுவாகிய இல்மனைற்று எங்கே கிடைக்கிறது? எமது ஊருக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையில், கறுப்பு மணலாக. அதனை அள்ளுவதற்கென 1957இலேயே அரசுக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அம்மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. வெள்ளைப் பூச்சுத் தூளாகவும் உலோகமாகவும் மாறி, பல மடங்கு விலையுடன் உலகச் சந்தைக்கு வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த கதவு பணமுள்ளவருக்கே திறந்தது. மணல் எமது, துருவும் எமது. இடையிலுள்ள தொழிலும் ஊதியமும் மட்டும் ஏன் எமதாகவில்லை? இந்தக் கேள்வியைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை. எமது பிள்ளைகள் கேட்கப் பழகவேண்டும்.

மறுவாரம் கவ்விகளை மீண்டும் இறுக்கினோம். இரண்டு உண்மையிலேயே இளகியிருந்தன. மறுநாட் காலை காரை இயக்கியபோது, ஆச்சி திண்ணையில் இருந்தபடி குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. படலையைத் தாண்டும்போதுதான் எம்மைக் கண்டு, "வெளிக்கிட்டாச்சோ தம்பி? சத்தமே கேக்கேல்லை" என்றார்.

பின்னாசனத்தில் அந்தச் சிறுமி இருந்தாள். "தலை இடிக்குதா பிள்ளை?" என்று கேட்டோம். "இல்லை சேர்" என்றாள். சற்று நேரம் கழித்து, மெல்லிய குரலில், "ஆனா, பசிக்குது" என்றாள்.

அந்த உறுமலை நிறுத்த இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்யவேண்டுமோ!