‘ஆக்டிவ்’னு வந்தா முடிஞ்சிடுச்சா?

கிளவுட் லேப் எடுத்தவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். ஒரு விர்ச்சுவல் மெஷினை ரெடி பண்றோம். உபுண்டு, பைத்தான், டேட்டாபேஸ், நம்ம புராஜெக்ட் எல்லாத்தையும் ஏத்தி, ஒருவழியா ஓட ஆரம்பிச்சதும் அதோட டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்து வச்சுக்கறோம். அதுதான் இமேஜ் கேப்ச்சர். அப்புறம் அந்த இமேஜ்லேர்ந்து பத்து மெஷின் வேணும்னாலும் சில நிமிஷத்துல கிளப்பலாம். ஒருதடவை மாவு ஆட்டி வச்சா வாரம் முழுக்க இட்லி ஊத்தற மாதிரி. ஆனா மாவுல கல் கிடந்தா எல்லா இட்லியிலும் கல்லுதான். எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்ல கடிபட்ட அந்தக் கல்லைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

எங்க லேப்ல இருக்கறது ஓப்பன்ஸ்டாக். சொந்த சர்வர்லயே கிளவுட் நடத்த உதவற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். ரிவியூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி டீம்ல ஒருத்தன் எல்லாத்தையும் செட் பண்ணி, கடைசியா எங்க ஆப் தானா கிளம்பறதுக்கான சர்வீஸ் ஃபைலை காப்பி பண்ணிட்டு, ஸ்னாப்ஷாட் பட்டனைத் தட்டினான். கொஞ்ச நேரத்துல ஸ்டேட்டஸ் ‘ஆக்டிவ்’. சைஸும் சரி. அந்த இமேஜ்லேர்ந்து நாலு மெஷின் கிளப்பினோம். நாலும் பூட் ஆச்சு, பிங் போச்சு, லாகின் ஆச்சு. எங்க ஆப் மட்டும் நாலுலயும் ஓடலை.

சர்வீஸ் ஸ்டேட்டஸ் பார்த்தா ‘மாஸ்க்டு’ன்னு வருது. லினக்ஸ்ல ஒரு சர்வீஸ் எந்த வழியிலயும் கிளம்பக்கூடாதுன்னு யாராவது வேணும்னே பூட்டு போட்டாத்தான் சாதாரணமா அப்படி வரும். உடனே வாட்ஸ்அப் குரூப்ல ‘யாருடா மாஸ்க் பண்ணது?’ அரைமணி நேரம் இதே பஞ்சாயத்து. கமாண்ட் ஹிஸ்டரியைப் பார்த்தோம், யாரும் பண்ணலை. ஒரிஜினல் மெஷின்ல அதே சர்வீஸ் ஜம்முனு ஓடுது. நகல்ல மட்டும் பூட்டு.

கடைசியா அந்த ஃபைலோட சைஸைப் பார்த்தோம். சைபர் பைட். பேர் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. சர்வீஸ் ஃபைல் காலியா இருந்தா சிஸ்டம்-டி அதை மாஸ்க் ஆனதாவே எடுத்துக்கும். மேனுவல்லயே எழுதியிருக்கு. மேனுவலை யார் படிக்கறா!

சரி, ஏன் காலி ஆச்சு? லினக்ஸ் நாம எழுதறதை உடனே டிஸ்க்ல எழுதாது. முதல்ல ரேம்ல வச்சுக்கும், சேர்த்து வச்சு அப்புறமா இறக்கும். இதுக்கு இருக்கற டிஃபால்ட் கெடு 30 செகண்ட். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இன்னும் ஒரு படி மேல. எந்த இடத்துல எழுதறதுன்னு முடிவு பண்றதையே தள்ளிப்போடும். அதனால ஃபைலோட பேர் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், உள்ளடக்கம் ரேம்லயே நின்னிருக்கும். 2009-ல இந்த ஃபைல் சிஸ்டம் புதுசா வந்தப்ப, மெஷின் கிராஷ் ஆனவங்களுக்கெல்லாம் சைபர் பைட் ஃபைல்கள் கிடைச்சு பெரிய ரகளையே நடந்தது. பழைய ஃபைலை மாத்தி எழுதற கேஸுக்கு கெர்னல்ல மருந்து போட்டாங்க. புத்தம்புது ஃபைலுக்கு அது உதவாது.

ஸ்னாப்ஷாட் எடுக்கறது டிஸ்க்கை மட்டும்தான், ரேமை இல்ல. காப்பி பண்ணதுக்கும் பட்டனைத் தட்டினதுக்கும் நடுவுல சில செகண்ட்தான் இருந்திருக்கு. ஒரிஜினல் மெஷின்ல ரேம்ல இருந்தது மெதுவா டிஸ்க்குக்கு இறங்கிடுச்சு. நகலுக்கு அந்த வாய்ப்பே இல்ல.

ஓடற மெஷினை ஸ்னாப்ஷாட் எடுக்க ஒழுங்கான முறை ஒண்ணு உண்டு. எக்ஸ்-ரே எடுக்கறவர் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ம்பாரே, அதே மாதிரி. மெஷினுக்குள்ள கெஸ்ட் ஏஜென்ட்னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கணும். கேப்ச்சருக்கு முன்னாடி கிளவுட் அதைக் கூப்பிடும். அது ரேம்ல இருக்கறதை டிஸ்க்ல கொட்டிட்டு ஃபைல் சிஸ்டத்தை உறைய வைக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் ‘மூச்சை விடுங்க’.

கெஸ்ட் ஏஜென்டே இல்லைன்னா? எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். டிஃபால்ட்டா ஓப்பன்ஸ்டாக் என்ன பண்ணும்னா, உறைய வைக்கற வேலையை விட்டுட்டேன்னு லாக்ல ஒரு வரி எழுதிட்டு, பாட்டுக்கு கேப்ச்சரை முடிச்சு ‘ஆக்டிவ்’னு காட்டிடும். அந்த வார்த்தைக்கு டேட்டா முழுசா வந்து சேர்ந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள இருக்கறது உருப்படியான்னு யாரும் பார்க்கலை. இதை மாத்த ‘ஓஎஸ் ரிக்வயர் குயஸ்’னு ஒரு செட்டிங் இருக்கு. அதை ‘எஸ்’னு வச்சா, உறைய வைக்க முடியாதப்ப கேப்ச்சரே ஃபெயில் ஆகும். செஞ்சிருப்பாங்கன்னு நம்பி நகர்றது ஒண்ணு, செஞ்சது நிரூபணம் ஆகாம நகரவே முடியாதுங்கறது இன்னொண்ணு.

இந்த வித்தியாசத்துக்கு ரயில்வேல இன்டர்லாக்கிங்னு பேரு. அந்த வார்த்தை எனக்குப் பாடத்துல வரலை. எங்க ஊர் கடலூர். 2025 ஜூலை 8 காலைல, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல செம்மங்குப்பம் ரயில்வே கேட்ல, விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ஒரு ஸ்கூல் வேன் மேல மோதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு பிள்ளைங்க இறந்துட்டாங்க. அந்த வாரம் ஊர்ல டீக்கடை வரைக்கும் பேச்சு ஒண்ணுதான்: அது ‘நான்-இன்டர்லாக்டு’ கேட்.

அப்படின்னா என்னன்னு அன்னைக்குத்தான் தேடிப் படிச்சேன். இன்டர்லாக் பண்ண கேட்ல, கேட் மூடிப் பூட்டாம ரயிலுக்கு சிக்னல் விழவே விழாது. ரயில் கடந்து போகாம கேட்டைத் திறக்கவும் முடியாது. நான்-இன்டர்லாக்டு கேட்ல ஸ்டேஷன் மாஸ்டர் ஃபோன்ல கேட்பார், கேட்கீப்பர் மூடியாச்சுன்னு சொல்லி ஒரு ரகசிய எண் கொடுப்பார், அதை நோட்டுல எழுதிக்குவாங்க. சிக்னலுக்கும் அந்த இரும்பு கேட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு மனுஷன் சொல்ற வார்த்தை மட்டும்தான்.

மூணு பிள்ளைங்களோட உயிரையும் எங்க புராஜெக்ட் ரிவியூவையும் ஒரே தராசுல வைக்கறேன்னு நினைச்சுடாதீங்க. அன்னைக்கு யார் என்ன செஞ்சாங்கங்கறது விசாரணைக்கு உரிய விஷயம், அதுக்குள்ள நான் போகலை. ஆனா ‘யார் பண்ணது?’ன்னு கேட்டு ஒரு பேரைப் பிடிச்சதோட நிறுத்தினா, அடுத்த கேட்லயும் அதே ஃபோன்தான் இருக்கும். விபத்துக்கு அப்புறம் ரயில்வேயும் அமைப்பு பக்கம் கை வச்சது. அதுவரைக்கும் ரயில் எண்ணிக்கையையும் வண்டி எண்ணிக்கையையும் பெருக்கி வர்ற கணக்கு 20,000 இருந்தாத்தான் இன்டர்லாக்கிங்னு இருந்ததை 10,000 ஆகக் குறைச்சாங்க. கேட்டுகள்ல கேமராவும் வைக்கச் சொன்னாங்க. இன்டர்லாக்கிங் ஒண்ணும் புது டெக்னாலஜி இல்ல. இங்கிலாந்துல ஜான் சாக்ஸ்பி அதுக்கு பேட்டன்ட் வாங்கினது 1856-ல.

உங்க இன்டர்ன்ஷிப்ல அஸூர் இருந்தா அங்கயும் இதே மாதிரி ஒரு இடம் உண்டு. ஒரு மெஷின்லேர்ந்து பொதுவான இமேஜ் எடுக்கணும்னா, அதோட பேர், யூசர், கீ எல்லாத்தையும் முதல்ல துடைக்கணும். விண்டோஸ்னா சிஸ்பிரெப், லினக்ஸ்னா டீப்ரொவிஷன். அப்புறம் ‘ஜெனரலைஸ்’னு ஒரு கமாண்ட். பேரைப் பார்த்தா அதுதான் துடைக்குதுன்னு தோணும். இல்ல, ‘துடைச்சாச்சு’ன்னு ஒரு குறி மட்டும்தான் வைக்குது. துடைக்காமலே குறி வச்சா, கேப்ச்சர் நல்லபடியா முடிஞ்சு, புது மெஷின் கிளம்பறப்பதான் ப்ரொவிஷனிங் ஃபெயில்னு வரும். குறி வச்ச பழைய மெஷினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. அதனால அதுக்கு முன்னாடி டிஸ்க்கை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

ரிவியூவுக்கு முன்னாடி எங்களுக்கு இருந்த நேரத்துல செஞ்சது சுலபமான வழி. மெஷினை ஷட்-டவுன் பண்ணி, அணைஞ்ச பிறகு கேப்ச்சர். அணைக்கறப்ப ரேம்ல இருக்கறதெல்லாம் டிஸ்க்குக்கு இறங்கிடும், ஏஜென்டே தேவையில்ல. நாலு மெஷின்லயும் ஆப் ஓடுச்சு. ரிவியூ முடிஞ்ச பிறகுதான் கெஸ்ட் ஏஜென்ட், ‘குயஸ்’ செட்டிங் ரெண்டையும் அடிப்படை இமேஜ்லயே போட்டோம். அதை மூல இமேஜ்ல போட்டுட்டு, அதுலேர்ந்து மெஷினைப் புதுசா கிளப்பணும். ஏற்கெனவே ஓடிட்டிருக்கற மெஷினுக்கு அது போய்ச் சேராது. இங்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் போச்சு.

பழைய பேட்ச் விட்டுட்டுப் போன இமேஜ்கள் லேப்ல இன்னும் வரிசையா கிடக்கு, எல்லாமே ‘ஆக்டிவ்’. அதுல எதையாவது எடுக்கறதா இருந்தா, ஒரே ஒரு மெஷின் மட்டும் கிளப்பி, சைபர் பைட் ஃபைல் ஏதாவது சர்வீஸ் ஃபோல்டர்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. ஃபைண்ட் கமாண்ட்ல ஒரே வரி.