ஆமையின் காயமும் நம் மீதுள்ள அமானத்தும்

மக்தபில் ஓதிக் கொடுப்பவர்களிடம் வரும் கேள்விகள் மார்க்கச் சட்டங்களோடு நிற்பதில்லை. ஜகாத்தைப் பற்றிக் கேட்க வந்தவர் அப்படியே பிள்ளையின் காய்ச்சலையும் வாடகை வீட்டுத் தகராறையும் சொல்லிவிட்டுப் போவார். ஆயினும், நாய் கடித்த ஆமைக்கு என்ன செய்வது என்ற கேள்வி சென்ற மழைக்காலத்தில்தான் முதன்முறையாக நம்மிடம் வந்தது.

சேலையூர் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் வசிக்கும் ஒரு குடும்பம். உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அன்பளிப்பாகக் கொடுத்த ஆமையை அவர்களின் சிறிய மகன் வளர்த்து வந்தான். அது நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் விண்மீன் வடிவில் விரிந்திருக்கும் தரைவாழ் ஆமை இனம். கதவு திறந்திருந்த நேரத்தில் தெருநாய் ஒன்று உள்ளே நுழைந்து அதைக் கவ்விவிட்டது. சிறுவன் கத்திக்கொண்டே ஓடி நாயின் வாயிலிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறான். ஓட்டின் பின்விளிம்பு உடைந்து, பின்னங்கால் தோல் கிழிந்திருந்தது. வீட்டிலிருந்த பெரியம்மா மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்பிவிட்டார்.

சிறுவனின் தந்தை நம்மிடம் வந்தது மருத்துவம் கேட்பதற்காக அல்ல. "ஹஜ்ரத், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்மேல் கேஸ் போட்டுவிடுவார்களாமே?" என்பதே அவருடைய கவலை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொன்று சொல்லியிருந்தனர். ஏரியில் விட்டுவிடுங்கள் என்று சிலர். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, அதனால்தான் இத்தனை தொல்லை என்று வேறு சிலர். சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருப்பதை அவருக்கு நினைவூட்டினோம். ஆனால் ஆமை வந்த வீட்டுக்கு அமீனாவும் வந்துவிடுவாரோ என்ற அவரது அச்சத்தை நம்மால் புறந்தள்ள முடியவில்லை. அது நியாயமான அச்சமே.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது நட்சத்திர ஆமை அதன் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணை அது. அவ்வட்டவணையில் உள்ள உயிரினம் குறித்த குற்றத்திற்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 2019இல் பன்னாட்டு வணிக உடன்படிக்கையும் இவ்வினத்தின் வணிகத்தை முற்றாகத் தடுத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்ட நட்சத்திர ஆமைகளைச் சுங்கத்துறையினர் பலமுறை பிடித்திருப்பதைச் செய்திகளில் நாம் வாசித்திருக்கிறோம். இத்தனை கடுமைக்கும் அந்தக் கடத்தலே காரணம்.

ஏரியில் விடும் யோசனைதான் நம்மை அதிகம் கலங்கச் செய்தது. நட்சத்திர ஆமை புல்லும் இலையும் தின்று உலர்ந்த புதர்க்காடுகளில் வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது. ஆழத்தில் விட்டால் மூழ்கி இறந்துவிடும். இரக்கத்தின் பெயரால் செய்யும் கொலையாக அது முடிந்திருக்கும்.

காயம் முதலில், சட்டம் பிறகு. ஆனால் இரண்டையும் மறைக்காமல் செய்வோம் என்று அவரிடம் கூறி, நாமும் உடன் சென்றோம். அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, காற்றுக்குத் துளையிட்டு ஆமையை எடுத்துச் சென்றோம். மணலோ உமியோ போட்டால் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். திறந்து வைத்தால் ஈ மொய்த்து முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

மருத்துவர் முதலில் அந்த மஞ்சள் பூச்சைத்தான் அகற்றினார். எண்ணெயும் தூளும் சேர்ந்து இறுகி, அடியில் அழுக்கைப் பூட்டி வைத்திருந்தன. ஆமையின் ஓடு, நத்தைக் கூட்டைப் போல உயிரற்ற உறை அன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் இணைந்து உருவான எலும்பு அது. மேலே நகம் போன்ற மெல்லிய தகடுகள் மூடியிருக்கின்றன. அதில் இரத்தம் ஓடுகிறது, வலி தெரிகிறது. இதைக் கேட்டதும் சிறுவன் முகம் வாடிப்போனது. மேலோட்டின் நேர் கீழே நுரையீரல் இருப்பதால், உடைந்த இடத்தில் வீட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவக்கூடாது என்றார் மருத்துவர். உடைப்பு உட்குழி வரை போயிருந்தால் நீர் உள்ளே இறங்கிவிடும். அது அவ்வளவு ஆழமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே உப்புக்கரைசலால் கழுவி, நீர்த்த அயோடின் மருந்தைத் தடவி, ஈரம் ஒட்டாத கட்டுப் போட்டார்.

ஓட்டை 'எம்-சீல்' வைத்து ஒட்டிவிடலாமா என்று தந்தை கேட்டார். நாயின் வாயிலுள்ள கிருமிகளை உள்ளேயே வைத்து அடைத்துவிடுவதாக அது ஆகும் என்றார் மருத்துவர். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியை முன்னங்காலில் போட்டார். பின்பாதி உடலின் இரத்தம் சிறுநீரகங்களின் வழியே சென்றுதான் இதயத்தை அடையும் என்பதால் அங்கு ஊசி போடுவதைத் தவிர்ப்பார்களாம். உடலின் இயக்கமே மெதுவானது என்பதால் அந்த மருந்தை மூன்று நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். குணமாவதும் அவ்வாறே. தோல் கூடப் பல வாரங்கள், ஓட்டின் எலும்பு சேரப் பல மாதங்கள். அதுவரை வெதுவெதுப்பான, அமைதியான இடமும், தாழ்ந்த தட்டில் குடிநீரும் வேண்டும். தொட்டவர் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

பிறகு மருத்துவர் சிறுவனின் கையைப் பார்த்தார். நாயின் வாயிலிருந்து பிடுங்கியபோது விரலில் ஒரு கீறல். வீட்டில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆமைக்கு வெறிநாய்க்கடி நோய் வராது, அது பாலூட்டிகளுக்கு வரும் நோய். சிறுவனுக்கு வரும், வந்தால் உயிர் தப்பாது. பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவச் செய்து, அன்றே குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

இனி அமானத்தின் விஷயம். ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், தமது 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் மனிதர் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை எடுத்துரைக்கிறார்கள். பயன் தராத அளவுக்கு முதுமையோ நோயோ அடைந்தாலும் அதற்கான செலவைச் செய்ய வேண்டும். தாங்க முடியாததைச் சுமத்தக்கூடாது. அதற்குக் காயம் விளைவிக்கும் வேறு விலங்கோடு, அதன் இனமாயினும் பிற இனமாயினும், சேர்த்து விடக்கூடாது என்பன அவற்றுள் சில. திறந்து கிடந்த கதவைப் பற்றித் தந்தையிடம் நாம் தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை. இதைக் கேட்டு அவரே தலைகுனிந்தார்.

"வளர்ப்பது ஹராமா ஹஜ்ரத்? நபி (ஸல்) அவர்கள் அபூ உமைரிடம் அவருடைய சிட்டுக்குருவியைப் பற்றி விசாரித்தார்களே?" என்று கேட்டார். ஆம், அந்த ஹதீஸைக் கொண்டு அறிஞர்கள் பறவை வளர்ப்பதை அனுமதித்தார்கள், வதைக்காமல் உணவளிக்கும் நிபந்தனையோடு. ஆனால் பொதுநன்மைக்காக நாட்டின் சட்டம் காப்பாற்ற முனையும் ஓர் இனத்தை வீட்டில் ஒளித்து வைப்பதற்கு அந்தச் சிறுவரின் குருவியை ஆதாரமாக்க முடியாது. மருத்துவரின் சீட்டோடு கிண்டியிலுள்ள வனத்துறையிடம் மறுநாளே ஒப்படைத்தார். யார் கொடுத்தது, எப்போது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நாம் உறுதி சொல்ல இயலாது. தாமாக முன்வந்தது அவருக்கு உதவியது என்றே கருதுகிறோம்.

சிறுவன் இரண்டு நாட்கள் மக்தபுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஊசி போட்ட கையோடு வந்தவனை மற்றப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். "நாய் வாய் வைத்தால் ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண்ணால். ஆமையை அப்படிக் கழுவினீர்களா?" என்று ஒருவன் கேட்டான். பாடத்தை நன்றாகவே மனனம் செய்திருக்கிறான்! அச்சட்டம் நம் பாத்திரத்துக்கும் உடைக்கும் உடலுக்கும் உரியது, தொழுகை கடமையில்லாத ஆமையின் புண்ணில் மண்ணைத் தேய்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை என்று விளக்கினோம். அன்றைய ஃபிக்ஹு பாடம் அதிலேயே கழிந்தது.

இப்பகுதி வாசகர்களுக்கு ஒன்று. மாடம்பாக்கம், முடிச்சூர் போன்ற ஏரியோரப் பகுதிகளில் கனமழையின்போது நீர்வாழ் ஆமைகள் சாலைக்கு வருவதுண்டு. அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். காயமில்லை என்றால், அது எந்தத் திசை நோக்கிச் செல்கிறதோ அந்தப் பக்கத்துச் சாலையோரத்தில் விட்டுவிடுங்கள். காயமிருந்தால் பெட்டியில் வைத்து வனத்துறைக்கோ வேளச்சேரி புளூ கிராஸுக்கோ தெரிவியுங்கள்.