நடுவழி ஊரில் ஓர் இரவு

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 360 கிலோ மீட்டர். அதன் நடுவிடத்தைத் தேடிப் புறப்படுகிறவர் ஆம்பூர் நிலையத்தில் இறங்கிவிடலாம். கிழக்கே சென்னை ஏறத்தாழ 180 கிலோ மீட்டர். மேற்கே பெங்களூரும் ஏறக்குறைய அதே தொலைவுதான். இந்தக் கணக்கை நாம் எந்தப் பூகோள ஆசிரியரிடமும் கற்கவில்லை. கிரிக்கெட்டில் பித்துக் கொண்ட இளைஞர்களிடம் கற்றோம். எவ்வாறு என்பதைக் கூறுகிறோம்.

2024 மே 18, சனிக்கிழமை. மறுநாள் தூய ஆவி பெருவிழா. குருமடத்தில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் ஆம்பூர்ப் பக்கத்தில் பங்குத்தந்தையாகப் பணியாற்றி வந்தார். உடல் நலம் குன்றியிருந்தமையால், இரண்டு நாள் பூசைக்கு வந்து உதவ இயலுமா என்று கேட்டிருந்தார். காலையில் காட்பாடியில் வண்டி ஏறினோம்.

ஏறியதுதான் தாமதம், திகைத்து நின்றோம். பெட்டி முழுவதும் மஞ்சள் சட்டைகள். முதுகில் ஏழாம் எண். அதன்மேல் தோனியின் பெயர். இடையிடையே சிவப்புச் சட்டைகள். அவற்றில் பதினெட்டாம் எண்ணும் கோலியின் பெயரும். யாத்திரைக் கூட்டமோ என்றுகூட ஒரு கணம் எண்ணினோம். ஒருவகையில் யாத்திரைதான். அன்று இரவு பெங்களூரு எம். சின்னசாமி விளையாட்டரங்கில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணியும் மோத இருந்தன.

பக்கத்தில் அமர்ந்திருந்த மஞ்சள் சட்டை இளைஞர் நமக்கு நிலைமையை விளக்கினார். ஐ.பி.எல். போட்டியில் பத்து அணிகள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டங்கள். முதல் நான்கு அணிகளுக்கே அடுத்த சுற்று. மூன்று இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன, எஞ்சியது ஒன்றே. சென்னைக்கு 14 புள்ளிகள், பெங்களூருக்கு 12. அன்று பெங்களூரு வென்றால் இருவரும் சமம். அப்போது நிகர ஓட்ட விகிதம் பார்ப்பார்களாம். ஓர் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களிலிருந்து, கொடுத்த ஓட்டங்களின் சராசரியைக் கழித்தால் கிடைப்பது அது. பெங்களூரு முதலில் ஆடி 200 ஓட்டங்களை ஒட்டி எடுத்தால், 18 ஓட்ட வித்தியாசத்திலாவது வென்றாக வேண்டும். மழை வந்து ஆட்டம் நின்றுபோனால் ஆளுக்கு ஒரு புள்ளி. சென்னை உள்ளே, பெங்களூரு வெளியே.

"ஆக, உங்கள் அணி தோற்றாலும் வெல்லலாம் என்கிறீர்!" என்றோம்.

"ஆமாம் ஃபாதர், ஆனால் அளவோடு தோற்க வேண்டும்" என்றார் அவர். பெட்டியே சிரித்தது.

லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என நிலையங்கள் கடந்தன. கோடை வெயிலில் பாலாறு வெறும் மணலாய்க் கிடந்தது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்லும் ஆறு இது. ஆற்று மணலில் சிறுவர்கள் குச்சிகளை நட்டுப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஊர் நெருங்க நெருங்க, இப்பகுதியார் பிறந்தது முதல் சுவாசிக்கும் தோல் வாடை சன்னல் வழியே வந்தது. இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்கெல்லாம் சோறு போடுவது அந்த வாடைதான். ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததும் அதன் பின்னுள்ள கழிவுதான். 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் இது குறித்து அளித்த தீர்ப்பை நம் மக்கள் மறக்கவில்லை. பிழைப்பும் வருத்தமும் ஒரே ஆற்றங்கரையில் குடியிருக்கும் நாடு இது.

ஆம்பூரில் நாம் இறங்கினோம். மஞ்சளும் சிவப்பும் மேற்கே சென்றன.

மாலைத் திருப்பலிக்கு முன் பூசை உதவிச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "சாமி, பிரசங்கம் பெரியதாக இருக்குமா?" என்று கேட்டான். ஆட்டம் ஏழரைக்கு என்பது நமக்கும் தெரியும். "அளவோடு இருக்கும்" என்றோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம்.

பூசை முடிந்ததும், ஆலயத்தை அடுத்த தெருவில் வாழும் ஒரு குடும்பத்தார் நம்மை அழைத்துச் சென்றனர். தாய் ஒரு ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தில் வேலை செய்கிறவர், கணவரை இழந்தவர். மூத்த மகன் அதே தொழிலில், தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறான். இளையவன் பதினெட்டு வயதில் பெங்களூருக்குப் பிழைக்கப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் சென்னைக் கட்சி, தம்பி பெங்களூருக் கட்சி. அன்று எல்லாரும் மேற்கே போகத் தம்பி மட்டும் கிழக்கே வந்திருந்தான். "ஆட்டத்துக்குச் சீட்டு கிடைக்கவில்லையா?" என்று வினவினோம். "கிடைத்தாலும் வாங்க முடியாது சாமி. அண்ணனோடு பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்" என்றான்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பெங்களூரு அணிமேல் பற்று வந்த காரணத்தையும் கேட்டோம். "வேலை கொடுத்தது அந்த ஊர். அறையில் உடனிருப்பவர்கள் கன்னடக்காரர்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்" என்றான். இதற்கு மறுப்பு ஏது? அண்ணனும் விடவில்லை: "அவர்கள் அணியில் தினேஷ் கார்த்திக் நம் சென்னைக்காரர்!" தம்பி திருப்பிக் கொடுத்தான்: "உங்கள் ரச்சின் ரவீந்திராவின் பெற்றோர் பெங்களூர்க்காரர்கள். உங்கள் தோனியோ ராஞ்சிக்காரர்." இரண்டும் உண்மையே. நம் அணி என்று நாம் கொண்டாடுவது மண்ணால் அமைவதன்று, மனத்தால் அமைவது என்பதை அந்தச் சண்டையில் கண்டோம்.

இருவருக்குள்ளும் ஒரு பந்தயம் இருந்தது. எந்த அணி வெளியேறுகிறதோ அந்த அணிக்காரன், மறுநாள் பெருவிழாப் பூசைக்கு எதிரணியின் சட்டையை அணிந்து வரவேண்டும்.

தெருமுனையில் ஒரு பாயின் தேநீர்க் கடை. தொலைக்காட்சிப் பெட்டியை வெளியே வைத்திருந்தார். கம்பெனி விட்டு வந்த ஆண்கள், திண்ணைகளில் பெண்கள், மடியில் தூங்கும் குழந்தைகள், தொழுகை முடித்து வந்த முதியவர்கள் எனத் தெருவே கூடியிருந்தது. "உட்காருங்க ஃபாதர்" என்று பாய் நமக்கொரு நாற்காலி போட்டார்.

சென்னை நாணயச் சுழற்சியில் வென்று பந்து வீசியது. மூன்று ஓவர்களில் பெங்களூரு 31 எடுத்திருந்தபோது மழை பிடித்தது. மஞ்சள் கட்சியார் கைகூப்பினர். சிவப்புக் கட்சியார் வானத்தைத் திட்டினர். அந்தத் தாய் மட்டும், "பெய்யட்டுமே. அங்கே பெய்தால்தானே நம் பாலாற்றில் தண்ணீர் வரும்" என்றார். அந்த இரவில் பேசப்பட்டவற்றுள் மிகவும் அறிவான சொல் அதுவே என நாம் இன்றும் எண்ணுகிறோம். ஆனால் மழை நின்றது. டு பிளெசி 54, கோலி 47, பட்டிதார் 41, கிரீன் ஆட்டமிழக்காமல் 38. மொத்தம் ஐந்து விக்கெட்டுக்கு 218.

வெற்றிக்கு 219, அடுத்த சுற்றுக்கு 201 போதும். சென்னையின் தலைவர் ருதுராஜ் முதல் பந்திலேயே வெளியேறினார். ரச்சின் 61 எடுத்து ஓட்டத்தில் வீழ்ந்தார். டு பிளெசி ஒற்றைக் கையால் தாவிப் பிடித்த பிடியில் சான்ட்னரும் போக, 15 ஓவர்களில் 129-க்கு ஆறு விக்கெட்டுகள். தம்பி எழுந்து ஆடலானான். பின்பு தோனியும் ஜடேஜாவும் சேர்ந்தனர், தம்பி உட்கார்ந்தான். கடைசி ஓவர் வந்தபோது வெற்றிக்கு 35, தகுதிக்கு 17.

பந்து வீச வந்தவர் யஷ் தயாள். 2023 ஏப்ரலில் வேறோர் அணிக்கு ஆடியபோது, கடைசி ஓவரில் ரிங்கு சிங்கிடம் தொடர்ந்து ஐந்து சிக்சர்கள் கொடுத்து ஆட்டத்தை இழந்தவர். "அதே ஆள்தான், கவலை இல்லை!" என்று அண்ணன் கூவினான். முதல் பந்து: தோனி அடித்தார். 110 மீட்டர் பறந்து அரங்கத்துக்கு வெளியே போய் விழுந்தது. தெரு அதிர்ந்தது; குழந்தைகள் விழித்து அழுதன. இரண்டாம் பந்து: மீண்டும் தூக்கி அடித்தார், எல்லைக்கோட்டருகே பிடிபட்டார். எஞ்சிய நான்கு பந்துகளில் வந்தது ஒரே ஓட்டம். சென்னை 191. பெங்களூரு 27 ஓட்டங்களில் வென்றது.

ஈரமான பழைய பந்து அந்தச் சிக்சரோடு வெளியே போனதால் உலர்ந்த வேறு பந்து கிடைத்தது. அதுவே தங்களுக்கு உதவியது என்று தினேஷ் கார்த்திக் பின்னர் கூறினார். மிகச் சிறந்த அடியே தோல்விக்கு வழி திறந்தது போலும்! முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்ற பெங்களூரு, தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்று உள்ளே நுழைந்தது. இரண்டு அணிகளுக்கும் 14 புள்ளிகள். வேறுபாடு ஓட்ட விகிதத்தில் ஒரு புள்ளியின் பதினைந்தில் ஒரு பங்கு.

தெரு மெல்லக் கலைந்தது. அண்ணன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். ஆடிக்கொண்டிருந்த தம்பி அதைக் கண்டதும் நின்றுவிட்டான். பாயிடம் இரண்டு தேநீர் வாங்கி வந்து, ஒன்றை அண்ணன் கையில் கொடுத்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் அமர்ந்தான். வென்றவன் செய்யத் தக்கது இதுவல்லவா?

மறுநாள் காலை அண்ணன் சொல் தவறாமல் சிவப்புச் சட்டையில் வந்தான். தூய ஆவி பெருவிழாவாதலால் நாமும் சிவப்புப் பூசை உடை அணிந்து பீடத்துக்குச் சென்றோம். பூசை முடிந்ததும் தம்பி நம்மிடம் ஓடி வந்து, "சாமியும் எங்கள் கட்சிதான்!" என்றான். ஆலய முற்றமே சிரித்தது, அண்ணனும் சிரித்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இராது.

அந்த ஆண்டு பெங்களூரு அடுத்த ஆட்டத்திலேயே இராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது. 2025-இல் சென்னை பட்டியலின் கடைசி இடத்துக்குச் சென்றது. பெங்களூரு, 2008 முதல் காத்திருந்த கோப்பையைத் தனது 18-ஆம் பருவத்தில், ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ஓட்டங்களில் வென்று கைப்பற்றியது. மறுநாள் மாலை, சின்னசாமி அரங்கின் வெளியே கூடிய பெருங்கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். வீட்டிலிருந்து மகிழ்ச்சியோடு புறப்பட்டவர்கள் திரும்பவில்லை.

சில வாரங்கள் கழித்து ஆம்பூர் சென்றபோது அந்தத் தாயைக் கண்டோம். அன்று தம்பி வேலை முடிந்ததும் அரங்கத்துப் பக்கம் போயிருக்கிறான். செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது அவன் கைப்பேசி எடுக்கவில்லை. அண்ணன் மணிக்கணக்கில் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தான். தேநீர்க் கடை பாய் கடையை மூடிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். இரவு பத்தரைக்கு அழைப்பு வந்தது. கூட்டத்தைக் கண்டு அஞ்சித் திரும்பியவன், வண்டி கிடைக்காமல் நெடுந்தூரம் நடந்து அறைக்குப் போயிருக்கிறான். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது.

"அந்த நேரத்தில் எனக்கு மஞ்சளும் நினைவில்லை, சிவப்பும் நினைவில்லை சாமி. அவன் குரல் மட்டும் கேட்டால் போதும் என்றிருந்தது" என்றான் அண்ணன். தாய் ஒன்றே சொன்னார்: "என் பிள்ளை வந்துவிட்டான். வராத பதினொரு பிள்ளைகளின் தாய்மாரை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை."

விளையாட்டைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் எந்திரத்தோடு எந்திரமாய் உழைப்பவர்களுக்கு, மாலையில் ஓர் ஆட்டத்தை எண்ணி நெஞ்சம் துடிப்பது ஒரு வரமே. ஆயினும் பற்றுக்கு அளவு வேண்டும். வென்றால் பக்கத்தில் தோற்றவனைப் பார்க்கவும், தோற்றால் சொன்ன சொல்லைக் காக்கவும், கூட்டம் பெருகினால் வீட்டை நினைத்துத் திரும்பவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். பெற்றோரே, அடுத்த பருவத்தில் அவர்கள் ஆட்டம் பார்க்கும்போது நீங்களும் சற்று உடன் உட்காருங்கள்.

நாம் விடைபெற்றபோது அவர்கள் வீட்டு மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மஞ்சள் சட்டை, ஒரு சிவப்புச் சட்டை, நடுவில் தாயின் சேலை.