இடது கை

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டால் ஊர் சிரிக்கும். நீச்சல் கற்றுக்கொண்டால் வீட்டில் பயப்படுவார்கள். நாற்பத்தைந்து வயதில் பியானோ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது யாரும் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "அதை எங்கே வைக்கிறது?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ராமேசுவரம் தீவில் இரும்பு ஆணிகூட இரண்டு மழைக்காலத்துக்கு மேல் ஆணியாக இருப்பதில்லை. இருநூறுக்கு மேற்பட்ட எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிய நிஜப் பியானோ இந்த உப்புக் காற்றில் என்ன பாடுபடும்! ஆகவே நான் வாங்கியது மின்சாரக் கீபோர்டு. அறுபத்தொரு கட்டை. மேஜைமேல் அடங்கிவிடும், இரவில் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவைக்கிறோம்.

கற்றுக்கொள்வது சினிமாப் பாட்டு அல்ல, ஜாஸ். ராமநாதபுரத்துக்காரனுக்கு அது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தங்கள் ஜில்லாவின் சரித்திரம் தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஜாஸ் என்றால் என்ன? ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்த நிமிஷத்தில் உண்டாக்கி வாசிப்பது. அதை நாம் மனோதர்மம் என்கிறோம். 1860-ல் பிறந்த பூச்சி சீனிவாசய்யங்கார் ராமநாதபுரத்துக்காரர். அரியக்குடி ராமானுஜய்யங்கார் அவருடைய சிஷ்யர். ராம்நாட் கிருஷ்ணன் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலைக்குப் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். இன்னும் கேளுங்கள். ஜான் மக்லாஃப்லின் என்கிற ஜாஸ் கிதார்க்காரர் 'சக்தி' என்று ஒரு கோஷ்டி சேர்த்தாரே, 1976-ல் வந்த அதன் முதல் இசைத்தட்டில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம். மிருதங்கம் யார்? ராம்நாட் ராகவன். நம் ஊர்ப் பெயர் ஜாஸுக்குள் புகுந்து ஐம்பது வருஷம் ஆகிறது. நான்தான் தாமதம்.

என் வாத்தியாரின் பெயரை எழுதக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. கடற்கரைக் கிராமம் ஒன்றில், கோவிலுக்குப் பின்னால் இருக்கிறார். கோவில் என்றால் இங்கே மாதா கோவில். ஊரில் எல்லோரும் 'மாஸ்டர்' என்கிறார்கள், நானும் அப்படித்தான். வயது எழுபத்தெட்டு. அவருடைய தகப்பனார் கொழும்பில் கடை வைத்திருந்தார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்கு முன்பு, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் போய்வந்த பையன்களில் இவரும் ஒருவர். கொழும்பு ஓட்டல் ஒன்றில் பறங்கியர் ஒருவர் பியானோ வாசிக்க, பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாராம். பிறகு அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு இக்கரைக்கு வந்தவர், பூசைக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவருக்கு வாத நோய் வந்து இடது கை விழுந்துவிட்டது. வலது கை பிழைத்தது. இதுதான் என் படிப்பின் போக்கையே நிர்ணயித்தது.

"உங்களுக்கு வலது கைப் பாடம் இப்ப வேணாம் தம்பி. இடது கையைக் குடுங்க" என்றார் முதல் நாளே. நான் இடது பக்கம் உட்கார்ந்து கார்டு பிடிக்கவேண்டும். அவர் வலது பக்கம் உட்கார்ந்து வாசிப்பார். கார்டு என்பது மூன்று நாலு ஸ்வரங்களை ஒரே சமயத்தில் சேர்த்து அழுத்துவது. அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது, எனக்கு ஒரு வாத்தியார் வேண்டியிருந்தது.

முதல் பாடம் ப்ளூஸ். பன்னிரண்டு கட்டம் கொண்ட ஒரு சுற்று. கட்டத்துக்கு நாலு அடி. முதல் நாலு கட்டம் ஸட்ஜத்தின்மேல் கட்டிய கார்டு. அடுத்த இரண்டு கட்டம் மத்தியமத்தின்மேல். திரும்ப இரண்டு ஸட்ஜம். பிறகு பஞ்சமத்துக்கு ஒன்று, மத்தியமத்துக்கு ஒன்று, கடைசி இரண்டும் ஸட்ஜத்தில் வந்து சேரும். இவ்வளவுதான். ஆயிரக்கணக்கான பாட்டுகள் இந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குள்தான் நடக்கின்றன. நம் சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கேதான் முதல் அதிர்ச்சி. நமக்குத் தம்பூரா இருக்கிறது; ஸட்ஜம் மலைபோல அசையாமல் நிற்க, நாம் அதைச் சுற்றி வருகிறோம். இங்கே அடித்தளமே நகர்கிறது. முதல் நாலு கட்டத்தில் தேனாய் இருந்த அந்தர காந்தாரம், ஐந்தாவது கட்டத்தில் மத்தியமக் கார்டு வந்ததும் கரிக்கிறது. அங்கே சாதாரண காந்தாரம் வேண்டும். ஏழாவது கட்டத்தில் பழையபடி அந்தரம். வள்ளத்தில் நின்றுகொண்டு வலை வீசுகிறவனுக்குக் காலுக்குக் கீழே பலகை ஆடுமே, அந்த மாதிரி.

பியானோவில் கமகம் கிடையாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் ப்ளூஸ் பாடினவர்கள் அந்த இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் நின்றுதான் அழுதார்கள். பியானோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாதாரண காந்தாரத்தை லேசாக உரசிக்கொண்டே அந்தர காந்தாரத்தில் விழுந்தார்கள். கட்டையில் இல்லாத ஸ்வரம் காதில் பிறக்கிறது. மாஸ்டரின் சுட்டுவிரல் அப்படி வழுக்கும்போது எனக்கு எங்கள் ஊர் ஒப்பாரிதான் ஞாபகம் வரும். அவரிடம் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான். அங்கயும் அழுதவக பாடுனதுதானே" என்றார்.

தாளம் இன்னொரு தினுசு. ஓர் அடியை இரண்டாகச் சரிபாதி வெட்டுவதில்லை. முதல் பாதி நீளம், இரண்டாவது குட்டை. திஸ்ர நடையின் மூன்றில் இரண்டை ஒன்றுக்கும், மிச்சத்தை மற்றதற்கும் கொடுத்தால் கிட்டத்தட்ட வரும். கணக்குச் சொன்னால் வராது, ரயிலைக் கேளுங்கள் என்பார் மாஸ்டர். சும்மா சொல்வதில்லை. மீட் லக்ஸ் லூயிஸ் என்கிற கறுப்பர் 1927-ல் பதிவு செய்த புகழ்பெற்ற பியானோத் தட்டு ஒன்று முழுக்க முழுக்க ரயில் சத்தம். இடது கைதான் சக்கரம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம். 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் வழுக்கிக்கொண்டு போகிறது. சௌகரியம்தான், ஆனால் பாடத்துக்கு உதவாது.

நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன். தொடர்கதை எழுதினவர்களுக்கு இந்த வித்தை கொஞ்சம் புரியும். போன வார அத்தியாயம் அச்சாகிவிட்டது. அதைத் தொட முடியாது. இந்த வாரம் அதிலிருந்துதான் புறப்படவேண்டும். மாஸ்டரும் அதையே சொல்கிறார்: "பிசகா ஒரு கட்டை விழுந்திருச்சா? திரும்பவும் அதையே அழுத்துங்க. வேணும்னே வாசிச்ச மாதிரி ஆயிரும்." ஆனால் எனக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு. அவருக்கு அரை விநாடி.

விஜய் ஐயர் என்று ஒருவர் இருக்கிறார். 1971-ல் அமெரிக்காவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இன்று ஜாஸ் பியானோவில் பெரிய பெயர். பதினைந்து வருஷம் முறையாகப் படித்தது வயலின். பியானோவைப் பெரும்பாலும் காதால் கேட்டே பிடித்தவர். இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. பிறகு அவர் தொடங்கிய வயதை நினைத்தேன், தைரியம் போயிற்று.

எனக்கு வேறொரு கவலை. மாஸ்டர் வாசிப்பது எதுவும் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒரே பன்னிரண்டு கட்டத்தை அவர் முப்பது தடவை சுற்றியும் ஒரு தடவை வந்தது மறு தடவை வந்ததில்லை. ஒரு நாள் செல்போனை எடுத்துப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. அதைப் போட்டுக் கேட்டா, நாளைக்கும் அதையே வாசிக்கணும்னு ஆசை வந்திரும்" என்றார். உங்களுக்கா, எனக்கா என்று நான் கேட்கவில்லை. அவர் வலது கையிலும் இப்போது நடுக்கம் தெரிகிறது. வேகமான இடங்களைத் தவிர்க்கிறார். தவிர்ப்பதையே அழகாகச் செய்கிறார். ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு இரண்டு கட்டம் சும்மா இருப்பார். அந்த மௌனத்தில் என் இடது கை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

பதினாலு மாதம் இப்படி அவருக்கு இடது கையாக இருந்தேன். போன வாரம் ஆறாவது சுற்று முடியும் சமயம் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன். "நிறுத்தாதீக. அந்தக் கை எதுக்கு இருக்கு?" என்றார். என் வலது கை அறுபத்தொரு கட்டைக்கு மேலே கழுகு மாதிரி நின்றது. முதல் நாலு கட்டம் ஒன்றும் வாசிக்கவில்லை. ஐந்தாவதில் சாதாரண காந்தாரத்தைத் தொட்டேன்; அது சரியாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஏழாவது கட்டம் வந்ததே தெரியவில்லை. எட்டா ஒன்பதா என்று புரியாமல் தவித்தபோது, அவர் மேஜை ஓரத்தில் ஒற்றை விரலால் அடி போட்டுக்கொண்டே இருந்தார். பதினோராவது கட்டத்தில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு சுத்து" என்றார் மாஸ்டர்.